ஐந்து கழுத்துப் பனியன்

என் மகள் செய்த பனியனைப் பறித்துக்கொண்டு போய்ப் பூட்டி வைத்தது நீங்கள்தான். உங்கள் அலுவலகத்தில், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பச்சை பீரோவுக்குள் அது கிடக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளையின் பனியனுக்குப் பயந்து பூட்டுப் போட்ட பள்ளிக்கூடத் தாளாளர் இந்த ஊரிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. திருப்பூர் மண்ணரையில் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டு, நாலைந்து மிஷின் வைத்து, பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற பனியனைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவள். கோபம் வந்தால் நேராகப் பேசிவிடுவேன். ஆனால் இந்தக் கதையில் ஒரு தொல்லை. கோபமாகச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிரிப்பு வந்து தொலைக்கிறது. யாரிடம் சொன்னாலும் இப்படித்தான் ஆகிறது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. படைப்பாற்றல் விழா. கழிவுத் துணியிலிருந்து ஒரு கலைப்பொருள். பிள்ளைகள் தாங்களே சிந்தித்து, தங்கள் கையால் செய்ய வேண்டும். அதுவரைக்கும் நல்ல அறிவிப்புதான். அதற்குக் கீழே ஒரு நீல மயிலின் படத்தைப் போட்டு, 'மாதிரி இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தீர்கள்.

வேறு ஊராக இருந்தால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். இது திருப்பூர். எங்களுக்குச் சாம்பிள் ஒன்றைக் காட்டிவிட்டால் கை சும்மா இருக்காது. அதே மாதிரி ஆயிரம் வேண்டுமா, லட்சம் வேண்டுமா என்றுதான் கேட்போம். அன்று சாயங்காலம் குழுவில் அதுதான் நடந்தது.

"நீலம்னா எந்த நீலமுங்க? ஷேடு கார்டு போடுங்க டீச்சர்."

"உயரம் எவ்வளவுங்க? தோகையோட சேத்தா, தோகை இல்லாமயா?"

"கண்ணுக்கு பட்டன் வெக்கறதா, பிரிண்ட் போடறதா?"

"அப்ரூவல் எப்பங்க கெடைக்கும்?"

கடைசிக் கேள்விக்கு வகுப்பு டீச்சர் ஒரு பதில் போட்டார். ஒருத்தர் செய்து அனுப்புங்கள், தாளாளர் பார்த்துச் சொல்வார். அருள்புரத்தில் கம்பெனி வைத்திருக்கும் ஓர் அப்பா மறுநாளே மயில் ஒன்றைச் செய்து உங்களிடம் கொண்டுவந்தார். நீங்கள் அதைத் தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, வாலில் தொங்கிய அட்டையில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். பிள்ளைகள் தாங்களே சிந்திக்க வேண்டிய விஷயத்துக்கு அன்றைக்கே அப்ரூவல் கிடைத்துவிட்டது.

அப்புறம் எல்லாம் கம்பெனி வேகத்தில் ஓடியது. கழிவுத் துணியில் ஒரே நீலம் கிடைக்கவில்லை என்று புதுத் துணிக்குச் சாயம் போட்டார்கள். கழிவிலிருந்து கலை செய்வதற்குப் புதுத் துணி. துணியை அடுக்கடுக்காக லே போட்டு, மிஷினில் வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, அட்டைப் பேட்டர்னோடும் கொஞ்சம் உபரித் துணியோடும் தைக்க என் கொட்டகைக்கே அனுப்பினார்கள். அப்படி வெட்டியதில் மிச்சமான துண்டுகளை வேஸ்ட் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

வேலை வந்தது, தைத்தேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வகுப்பு முழுவதுக்கும் மயில் என் ஓவர்லாக் மிஷினில்தான் பிறந்தது. பேக்கிங் பண்ணும்போது ஒவ்வொரு பையிலும் ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஒட்டினேன். என் மகள் பெயர் மட்டும் மிஞ்சியது, ஏனென்றால் அவள் மயில் வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏங் கண்ணு, எல்லாரும் மயில்தான கொண்டுட்டு வர்றாங்க?"

"மயில வெச்சு என்னம்மா பண்றது? பாத்துட்டே இருக்கறதா?"

எங்கள் கொட்டகை மூலையில் ஒரு சாக்கு உண்டு. எண்ணெய்க் கறை பட்டது, ஓட்டை விழுந்தது, சாயம் ஒத்துவராதது என்று கழித்துப் போட்ட பனியன்கள் அதில் கிடக்கும். அவள் அந்தச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, கோடு போட்டது ஒன்று, கரடி பிரிண்ட் தலைகீழாக விழுந்தது ஒன்று, என்ன நிறம் என்று சொல்ல முடியாதது ஒன்று. பக்கத் தையலைப் பிரித்தாள். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தாள். சேராத இடத்தில் விலைச்சீட்டு மாட்டும் டேக் கன்னை எடுத்து டப் டப்பென்று குத்தினாள்.

நான் ஓவர்லாக்கில் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். முறைத்தாள்.

"நீ தெச்சா அது உன்னுது."

அந்தச் சொல்லை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். உங்கள் அறிவிப்பில் எழுதியிருந்ததை உண்மை என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

ஊசியில் கயிறு மாதிரி நூலைக் கோத்து, நாய்ப்பல் மாதிரி தையல் போட்டு, முடித்து விரித்துக் காட்டினாள். ஒரே பனியன். அகலம் ஒரு கட்டில் அளவு. இந்தக் கடைசியில் ஒரு கை, அந்தக் கடைசியில் ஒரு கை, நடுவில் வரிசையாக ஐந்து கழுத்து. என் ஓவர்லாக் டெய்லர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

"என்னக்கா உம் மவ, ராவணனுக்கா சட்டை தைக்கா?"

"ராவணனுக்குப் பத்துத் தலைக்கா" என்றாள் என் மகள்.

"அப்பம் மீதி அஞ்சு தலைய என்னட்டி செய்ய?"

"அது அடுத்த வருசம்."

கட்டிங் மாஸ்டர் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர் அதைத் தரையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏம்புள்ள, அஞ்சு கழுத்துக்கும் சுத்தித் தெக்கற ரிப் பட்டி எங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது.

அது யாருக்கு என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். அவளும் இன்னும் நாலு பேரும் தினமும் ஒன்றாகத்தான் பள்ளிக்கு நடக்கிறார்கள். டெய்லரின் மகள், மளிகைக்கடைக்காரரின் இரட்டைப் பிள்ளைகள், எதிர் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரர் மகள். ஒரு நாளும் சண்டை இல்லாமல் போய்ச் சேர்ந்ததில்லை. யாராவது ஒருத்தி கோபித்துக்கொண்டு முன்னால் ஓடிவிடுவாள். மற்றவர்கள் துரத்துவார்கள். ரோட்டில் கம்பெனி வேன்கள் பறக்கும்.

"இத போட்டுட்டா, சண்டை போட்டாலும் உட்டுட்டு ஓட முடியாதில்லம்மா" என்றாள்.

மறுநாள் தெருவில் வெள்ளோட்டம். ஐந்து தலைகளும் ஐந்து கழுத்து வழியாக வெளியே வந்தன. முதல் எட்டிலேயே டீக்கடை முன்னால் மொத்தமாக விழுந்தார்கள். விழுந்தவர்களால் எழ முடியவில்லை, சிரிப்பில். டீக்கடைக்காரர் டம்ளரோடு வந்து பார்த்தார். ஒரு நாய் அவர்களைப் பார்த்துக் குரைக்க வந்து, எந்தத் தலையைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டது. இரட்டையரில் ஒருத்தி எடது, வலது என்று கத்த, மற்றவள் அவளுக்கு எதிராகவே வலது, எடது என்று கத்த, நடுவில் இருந்த ஒடிசாப் பிள்ளை, "கம்முனு இருங்க, நாஞ் சொல்றேன்" என்று பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பாவுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியாது. இவள் கொங்குத் தமிழில் எங்களையே அதட்டுவாள். அவள் சொல்படி நடந்து தெருமுனை வரை போனார்கள். கம்பெனி வேன் ஒன்று நின்றது. உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் ஒரு பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

அங்கேதான் டெய்லரின் மகளுக்கு ஒண்ணுக்கு வந்தது. ஐந்து பேரும் ஓட வேண்டியதாயிற்று. அந்த ஓட்டத்தை என்னால் எழுத முடியவில்லை. மாடியில் நின்று பார்த்த நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் அந்தப் பனியனை மறுபடி விரித்தாள். ஒவ்வொரு கழுத்துக்கும் நடுவே கத்தரித்து, குழந்தைத் துணிக்கு வைக்கிற அமுக்குப் பட்டன்களை என்னிடம் கேட்டு வாங்கி வைத்தாள். அவசரம் வந்தவள் மட்டும் கழன்றுகொள்ளலாம். போய்விட்டு வந்து மாட்டிக்கொள்ளலாம். யாரும் சொல்லித் தரவில்லை. பிரச்சினை வந்தது, யோசித்தாள், செய்தாள். பள்ளிக்கூடம் எதற்கு இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இதற்குத்தான் என்பேன்.

விழா நாள். உங்கள் கூடத்தில் மேசை மேசையாக நீல மயில்கள் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஏற்றுமதிக்கு நிற்கிற சரக்கு மாதிரி இருந்தது. நடுவராக நீங்கள் அழைத்திருந்தவர் துணி தரம் பார்க்கிற மேனேஜர். வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்குகிற பையர் ஆபீஸ்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தவறான இடத்தில் கொண்டுவந்து விடப்பட்ட மனிதர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். கழுத்தில் இஞ்சு டேப், ஒரு கையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட மயில், இன்னொரு கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பனியனில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே அந்தக் குட்டி அம்பை ஒட்டுவார்கள். அம்பு ஒட்டிய பீஸ் வெளியே போகாது.

மயில்களை அளந்தார், தலையாட்டினார், நகர்ந்தார். என் மகள் மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். தூக்கிப் பார்த்தார். கடைசி எங்கே என்று தேடினார்.

"என்ன பாப்பா இது? சாம்பிளே வேறயாச்சே."

"பனியனுங்க அங்கிள்."

"அது தெரியுது. அஞ்சு நெக்குக்கும் அஞ்சு சைஸ் வருதே."

"அஞ்சு பேருக்கும் அஞ்சு தலைங்க அங்கிள்."

அவர் யோசித்தார். "சரி, லேபிள் எங்க வரும்?"

"ஒவ்வொரு கழுத்துலயும் வெக்கலாங்க. பேரு எழுதிக்கலாம்."

நல்ல பதில்தான் என்று அவர் முகம் சொன்னது. ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. கறைக்கு ஓர் அம்பு, ஓட்டைக்கு ஓர் அம்பு, தலைகீழ்க் கரடிக்கு ஓர் அம்பு, நிறத்துக்கு, தையலுக்கு, டேக் கன் குத்தலுக்கு. ஒட்டி முடித்தபோது பனியன் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. சுருளை மேசையிலேயே வைத்துவிட்டு ஜூஸ் குடிக்கப் போனார்.

நடந்தது எல்லாம் அந்தச் சுருளால்தான்.

ஐந்து பேரும் அம்புகளோடு பனியனை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். மயில் வைத்திருந்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் அம்பு வேண்டும். சுருள் கை மாறியது. முதலில் மயில்களுக்கு ஒட்டினார்கள். பிறகு நாற்காலிகளுக்கு. பிறகு ஒருவர் மூக்கில் ஒருவர். வரவேற்பில் நின்ற டீச்சரின் சேலை முந்தானையில் வரிசையாக ஆறேழு. ஓர் அப்பாவின் வழுக்கையில் ஒன்று, அவர் தூக்கத்தில் இருந்தார். ஒரு பொடியன் தன் கணக்குப் பரீட்சைத் தாளை எடுத்து வந்து அதில் தானே ஒட்டிக்கொண்டான். கூடம் முழுக்க கோயில் நோம்பிக் கூட்டம் மாதிரி ஒரே சத்தம். நாங்கள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போது நீங்கள் மேடை ஏறினீர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கற்பனைக்கு எல்லையே இல்லை என்று தொடங்கினீர்கள். பின்னால் கட்டியிருந்த பேனரைக் காட்டுவதற்காகத் திரும்பினீர்கள். உங்கள் முதுகின் நடுவில் ஓர் அம்பு, மேல்நோக்கி.

கூடம் வெடித்தது. நீங்கள் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு, கற்பனைக்கு எல்லையே இல்லை என்று மறுபடி சொல்லி, மறுபடி திரும்பினீர்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா மூக்கில் ஜூஸ் ஏறி இருமினார். முதலில் சத்தமாகச் சிரித்தது நான்தான், அதை மறைக்கவில்லை. டீச்சர் ஓடி வந்து உரித்துக் கையில் கொடுத்ததும் உங்கள் முகம் மாறியது. நேராக இறங்கி வந்தீர்கள். அத்தனை பிள்ளைகள் கையில் அம்பு இருக்கும்போது, ஐந்து தலை இருந்த இடத்துக்குத்தான் வந்தீர்கள். பட்டன்களைப் படபடவென்று பிரித்துப் பனியனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனீர்கள். முதல் பரிசு ஒரு மயிலுக்குப் போனது.

மறுநாள் உங்கள் அறைக்கு வந்தேன்.

"உக்காருங்க அம்மிணி" என்றீர்கள். மரியாதையில் குறையே வைக்கவில்லை.

"அந்தப் பனியனைக் குடுத்துருங்க சார். ஆண்டு விழாவுல அஞ்சு பேரும் அதைப் போட்டுட்டு மேடைல நடக்கோணும்னு இருக்கறாங்க."

"அதுக்குத்தானுங்க சொல்றேன். ஆண்டு விழாவுக்கு வெளியாளுக வருவாங்க. இந்த மாதிரி பீஸ் வெளிய போனா நம்ம பேரு என்னாகறது? உங்க பாப்பா நல்ல பாப்பாதான். ஆனா குடுத்த சாம்பிளச் செய்யோணுமில்லீங்களா. என் முதுகுல ஒட்டுனதும் அந்தக் கூட்டந்தான்."

"சார், அந்தப் பனியனுக்கு ரெண்டே கை. ரெண்டுலயும் முறுக்கு இருந்துச்சு. மீதிக் கையெல்லாம் உள்ள மாட்டியிருந்துச்சுங்க. அப்பறம் எப்புடி ஒட்டுவாங்க?"

நீங்கள் சிரிக்கவில்லை. நான் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

"இன்னொண்ணுங்க சார். பரிசு வாங்குன மயில நாந்தான் தெச்சேன். எல்லா மயிலும் நான் தெச்சதுதான். பரிசு எனக்கு வரோணும். குடுத்தா வாங்கிக்கறேன்."

"வெளையாடாதீங்க அம்மிணி."

"வெளையாடலீங்க. தெச்சது யாருன்னு மேடைல சொல்லுங்க, போதும்."

பனியன் பத்திரமாக இருக்கிறது, ஆண்டு விழா முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டீர்கள். விழா முடிந்த பிறகு அதை வைத்து நான் மிஷின் துடைப்பதா?

பூட்டி வைத்ததால் அடங்கிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இடைவேளையில் ஒரு மழைக்கோட்டுக்குள் மூன்று தலை நடக்கிறதாம். மயில் கொண்டுவந்த ஒரு பிள்ளை என் கொட்டகைக்கு வந்து ஒரே கழுத்தும் எட்டுக் கையும் வைத்த பனியன் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். எதற்கு என்றேன். "ஹோம்ஒர்க் எழுதறதுக்குங்க ஆன்ட்டி" என்றாள். நானும் டெய்லரும் அன்று முழுக்க ஒழுங்காக ஒரு பீஸ் தைக்கவில்லை.

என் மகள் மட்டும் எங்களோடு சிரிக்கவில்லை. அவள் மயிலின் அட்டைப் பேட்டர்னைத் தேடி எடுத்துக்கொண்டு என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, இதுல எனக்கு ஒண்ணு வெட்டிக் குடு. நீல துணி மிச்சம் இருக்குதா?"

"ஏங் கண்ணு?"

"மயிலுன்னா பீரோல வெக்க மாட்டாங்கல்ல. அடுத்த வருசம் மயிலே செஞ்சுர்றேன்."

அழவில்லை. கோபமும் இல்லை. சந்தையில் விலை கேட்கிற மாதிரி கேட்டாள். நான் துணி இல்லை என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"தாளாளர் சார் சொல்லட்டும். மயிலுதான் செய்யோணும்னு அவர் சொல்லிட்டார்னா நான் பாட்டுக்கு மயிலே செய்யறேன். நீ சண்டைக்குப் போவாத."

அவளுக்கு நான் பதில் சொல்ல முடியாது. நான் என்ன சொன்னாலும் அது வீட்டில் அம்மா சொன்னது. அவள் உங்கள் வாயிலிருந்து கேட்க நிற்கிறாள். ஐந்து பிள்ளைகளும் நிற்கிறார்கள். உங்கள் அறைக்குள் என்னிடம் அம்மிணி என்று மெதுவாகச் சொன்னது எதுவும் எனக்கு வேண்டாம். டீச்சர் மூலமாகச் சொல்லி அனுப்புவதும் வேண்டாம். ஆண்டு விழாவில் மைக் உங்கள் கையில் இருக்கும். கூடத்தில் எல்லாப் பெற்றோரும் இருப்பார்கள், நான் முன்வரிசையில் இருப்பேன். பீரோவைத் திறந்துவிட்டுச் சொன்னாலும் சரி, பூட்டி வைத்துக்கொண்டே சொன்னாலும் சரி. நாலாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அடுத்த வருடம் தனக்குத் தோன்றியதைச் செய்யலாமா, அல்லது உங்கள் மயிலைத்தான் செய்ய வேண்டுமா? இரண்டில் எது என்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அந்த மைக்கில் சொல்லுங்கள்.